கோடு எங்கே பிசகியது? மலையகத்தில் கேத்திரகணித அருவப் படங்களை அச்சிடுவோருக்கான பிழை நீக்கும் வழிமுறை

லயத்துத் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுத்) தகரக் கூரை, தேயிலை ஸ்டோரின் (தொழிற்சாலையின்) ஜன்னல் வரிசை, கவ்வாத்து வெட்டிய மலையின் நிரைகள், கோயில் வாசல் கோலம். இவற்றைப் படமெடுத்து, கணினியில் வெட்டி, மடித்து, சுழற்றி, எதன் படம் என்று தெரியாதபடி வெறும் கோணங்களாகவும் பட்டைகளாகவும் மாற்றி அச்சிடுவோருக்கானது இது. முகப்படத்தில் அரை மில்லிமீற்றர் பிசகு யார் கண்ணிலும் படாது. கேத்திரகணித வடிவத்தில் அதே பிசகு பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். அதோடு நம் மழையும் மூடுபனியும் சேர்ந்தால், எந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் தாளும் மையும் வீணாகும்.

கீழே உள்ளவை அறிகுறி வாரியானவை. எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த ஒரு சோதனையைச் செய்யுங்கள்.

முதலில்: படத்தைத் திருப்பி அச்சிடுங்கள்

பிழை தெரியும் இடத்திலிருந்து 9 சென்ரிமீற்றர் சதுரம் ஒன்றை வெட்டி எடுங்கள். அளவைச் சுருக்க வேண்டாம். முழு அச்சில் இருக்கும் அதே அளவில் இருக்கட்டும். புதிய A4 கோப்பில் அதை இரண்டு முறை வையுங்கள்: ஒன்று நேராக, மற்றது 90 பாகை திருப்பி. இரண்டையும் ஒரே தாளில் அச்சிடுங்கள்.

பிழை படத்தோடு சேர்ந்து திரும்பினால் அது கோப்பில் இருக்கிறது. பிரிண்டரைத் தொட வேண்டாம். இரண்டு சதுரத்திலும் பிழை தாளின் ஒரே திசையில் நின்றால் அது பிரிண்டரில் இருக்கிறது. கோப்பைத் தொட வேண்டாம். வேறு வகைத் தாளில் அச்சிடும்போது மறைந்தால் தாளில். அச்சிட்ட அன்று நன்றாக இருந்து சில வாரத்தில் கெட்டால் காற்றிலும் சட்டத்திலும். ஹெட் கிளீனிங் (மை தெளிக்கும் தலையைத் துப்புரவாக்கும்) பொத்தானை அழுத்துவதற்கு முன் இந்த ஒரு தாளைச் செலவழிப்பது மலிவு. ஒவ்வொரு கிளீனிங்கும் அதைவிட அதிக மையைக் குடிக்கும்.

அச்சில் சீரான மெல்லிய வெள்ளைக் கோடுகள்

தாளின் அகலவாக்கில், ஹெட் ஓடும் திசைக்கு இணையாக, ஒரே இடைவெளியில் கோடுகள் வந்தால் நொசில், அதாவது ஹெட்டில் மை தெறிக்கும் நுண்துளை, அடைத்திருக்கிறது. நொசில் செக் என்ற சோதனைக் கோடுகளை அச்சிட்டுப் பாருங்கள். இடைவெளி இருந்தால் கிளீனிங் ஒரு முறை, மறுபடி செக். இரண்டு, மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து செய்யாதீர்கள். சரியாகாவிட்டால் பிரிண்டரை நிறுத்தி ஓர் இரவு விட்டு, காலையில் மறுபடி செக் செய்யுங்கள். குழாய்க்குள் நுழைந்த காற்றுக் குமிழி தானாக மேலேறவும், உலர்ந்த மை ஊறவும் நேரம் வேண்டும். விடாமல் கிளீனிங் செய்தால் கழிவு மைப் பஞ்சு நிரம்பி, பிரிண்டரே வேலையை நிறுத்திவிடும்.

மலையில் இதற்கு இரண்டு காரணங்கள் கூடுதலாக உண்டு.

ஒன்று குளிர். பெரும்பாலான இங்க்ஜெட் பிரிண்டர்கள் 10 முதல் 35 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பநிலைக்கென்று செய்யப்பட்டவை. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லில் உறைபனி பிடிக்கும். சூடாக்காத அறை 10 பாகைக்குக் கீழே போகலாம். குளிர்ந்த மை தடித்து, நொசிலிலிருந்து சரியாகத் தெறிக்காது. அடைப்பு இல்லாமலேயே செக்கில் இடைவெளி காட்டும். அறை 18 பாகைக்கு வந்து ஒரு மணி நேரம் கழித்துச் செக் செய்தால் பாதி ‘அடைப்புகள்’ காணாமல் போகும்.

மற்றது மின்வெட்டு. அச்சு ஓடும்போது கரண்ட் போனால் ஹெட் தன் மூடிக்குத் திரும்பாமல் நடுவழியில் திறந்தபடி நின்று காயும். 650 வீஏ யூபிஎஸ் ஒன்று போதும். மேசை பிரிண்டர் அச்சிடும்போது இழுப்பது சில பத்து வாட் மட்டுமே. கரண்ட் போனதும் நடக்கும் தாளை முடித்து, பிரிண்டரின் சொந்தப் பொத்தானால் அணையுங்கள். சுவர் சுவிட்சால் ஒருபோதும் அணைக்காதீர்கள். அதுவும் மின்வெட்டும் ஹெட்டுக்கு ஒன்றுதான். ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேர இடிமழைக் காலத்தில் அணைத்த பின் பிளக்கையே கழற்றி வையுங்கள்.

நிலைக்குத்துக் கோடுகள் மட்டும் இரட்டித்துத் தெரிகின்றன

தாள் நகரும் திசையிலுள்ள கோடுகள் மட்டும் நிழல் விழுந்ததுபோல் இரண்டாகி, கிடைக்கோடுகள் கூர்மையாக இருந்தால், ஹெட் போகும்போது தெளிக்கும் புள்ளியும் வரும்போது தெளிக்கும் புள்ளியும் ஒன்றின் மேல் ஒன்று விழவில்லை. ஹெட் அலைன்மென்ட் செய்யுங்கள். அச்சிடப்போகும் அதே தடிப்புள்ள தாளில் செய்யுங்கள். மெல்லிய தாளில் செய்த அலைன்மென்ட், சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த தாளுக்குப் பொருந்தாது, ஏனெனில் ஹெட்டுக்கும் தாளுக்கும் உள்ள தூரம் மாறிவிடும். அதன் பிறகும் இருந்தால் பிரிண்டர் அமைப்பில் ‘இருதிசை’ அல்லது ‘வேக அச்சு’ என்று இருப்பதை நிறுத்துங்கள். நேரம் ஏறக்குறைய இரட்டிக்கும். கோட்டுப் படத்துக்கு அந்த நேரம் தகும்.

சதுரம் சதுரமாக வரவில்லை. துண்டுப் படங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை

முதலில் அளவிடுங்கள். 200 மில்லிமீற்றர் சதுரம் ஒன்றை 0.3 மில்லிமீற்றர் கோட்டில் வரைந்து அச்சிட்டு, இரும்பு அடிமட்டத்தால் அகலம், உயரம், இரண்டு மூலைவிட்டம் நான்கையும் பாருங்கள்.

அகலமும் உயரமும் ஒரே விகிதத்தில் கூடியிருந்தாலோ குறைந்திருந்தாலோ, மென்பொருள் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்று அளவை மாற்றியிருக்கிறது. ஓரமில்லா அச்சும் இதையே செய்யும்: தாளின் விளிம்பைத் தாண்டி மை விழவேண்டும் என்பதற்காகப் படத்தைச் சில சதவீதம் பெருப்பிக்கும். அளவு முக்கியமான படத்துக்கு ஓரமில்லா அச்சு ஒத்துவராது. வெள்ளை ஓரம் விட்டு அச்சிட்டு, பிறகு கத்தியால் வெட்டுங்கள்.

அகலம் சரியாக இருந்து தாள் நகரும் திசை மட்டும் கூடியிருந்தால் அது பேப்பர் ஃபீட் பிழை. அதற்கான திருத்தம் பிரிண்டர் மென்பொருளில் இருக்கும். நழுவும் உருளையைச் சற்று ஈரமான பஞ்சில்லாத் துணியால் துடைத்தாலே சரியாவதும் உண்டு. மூலைவிட்டம் இரண்டும் வேறுபட்டால் தாள் சாய்ந்து உள்ளே போகிறது. வழிகாட்டியைத் தாளோடு உரசும்படி, ஆனால் அழுத்தாமல் வையுங்கள்.

இன்னொரு காரணத்தைப் பலர் நினைப்பதே இல்லை: தாள் ஈரத்தில் நீளும். அதுவும் இழை ஓடும் திசைக்குக் குறுக்கே அதிகமாக நீளும். A2 அளவுப் பருத்தித் தாள், உலர்ந்த நாளுக்கும் மழை நாளுக்கும் இடையே ஒரு மில்லிமீற்றர் வரைகூட மாறலாம். மூன்று துண்டாகத் தொங்கவிடும் படத்தில் இரண்டை வெயில் நாளிலும் ஒன்றை அடைமழையிலும் அச்சிட்டால் பட்டைகள் ஒன்றோடொன்று சேராது. எல்லாத் துண்டையும் ஒரே பொதியிலிருந்து, ஒரே நாளில், ஒரே திசையில் அச்சிடுங்கள். ஒரு துண்டை நிலையாகவும் மற்றதைக் கிடையாகவும் அச்சிட்டால் இழைத் திசை மாறிவிடும். அப்போது ஒரே நாள் என்பதும் உதவாது.

எந்த மாதம் என்பதையும் கணக்கில் எடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலைப் பக்கம் கொட்டும். அதே ஜூலை முதல் செப்டெம்பரில் பண்டாரவளை, அப்புத்தளை, பதுளைப் பக்கம் உலர்ந்த காற்று அடிக்கும். ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தரும் காற்று அது. மேற்குச் சரிவின் உலர்ந்த காலம் ஜனவரி முதல் மார்ச். கண்காட்சிக்கான பெரிய துண்டுப் படங்களை உங்கள் பக்கத்து உலர்ந்த காலத்தில் அச்சிட்டால் பாதிச் சிக்கல் தொடங்குவதே இல்லை.

படமெடுக்கும்போதே கோடு வளைந்திருந்தால் இவை எதுவும் காரணமில்லை. கமராவோடு வரும் கிட் சூம் லென்ஸின் அகன்ற முனையில் தகரக் கூரையின் விளிம்பு பீப்பாய் போல் வெளியே பிதுங்கும். 50 மில்லிமீற்றருக்கு மேல் வைத்துத் தள்ளி நின்று எடுங்கள், அல்லது கணினியில் அந்த வளைவை நேராக்கும் லென்ஸ் ப்ரொபைல் திருத்தத்தை முதல் வேலையாகச் செய்யுங்கள்; வெட்டிச் சுழற்றிய பின் செய்தால் பலிக்காது. தெமோதரைக்கும் எல்லவுக்கும் இடையிலுள்ள, 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தை எடுத்து வளைவுகள் ஒரே அகலத்தில் வரவில்லை என்று லென்ஸைக் குறை சொல்வோர் உண்டு. பாலமே வளைவாகத்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு வளைவையும் தனியாக வெட்டி, தனித்தனியாகப் பெர்ஸ்பெக்டிவ் திருத்தம் செய்துதான் சம அளவாக்க முடியும்.

மூட்டுகளில் மயிரிழைக் கோடு

கண்ணாடிப் பிம்பமாக மடித்த இடத்தில், அல்லது ஆறு முக்கோணியாகச் சுழற்றி ஒட்டிய இடத்தில், மெல்லிய வெளிர் கோடு. திரையில் பெருப்பிக்கும்போது வரும், போகும். அச்சில் கட்டாயம் வரும். திருப்பும் சோதனையில் இது படத்தோடு திரும்பும்.

காரணம் ஓரத்து மென்மையாக்கம். சாய்ந்த விளிம்பிலுள்ள பிக்சல் பாதி நிறமும் பாதி ஒளிபுகு தன்மையுமாக இருக்கும். இரண்டு துண்டுகள் சந்திக்கும்போது 50 சதவீதமும் 50 சதவீதமும் சேர்ந்து 100 ஆகாது. முதல் துண்டு பாதியை மூடும். இரண்டாவது, மீதியில் பாதியை மூடும். மொத்தம் 75. மிச்சம் 25 சதவீதம் பின்னணி வெள்ளை எட்டிப் பார்க்கிறது. அதுதான் அந்தக் கோடு.

நீக்கும் வழிகள், நாங்கள் பரிந்துரைக்கும் வரிசையில்:

துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றுங்கள். 60 பாகை முக்கோணிக்குப் பதில் 61 பாகை வெட்டி, அடுத்த துண்டு அதன் மேல் படியட்டும். மூட்டில் இரண்டு மூன்று பிக்சல் மேற்படிந்தால் போதும்.

அது வடிவத்தைக் கெடுத்தால், எல்லா லேயரையும் ஒன்றாக்கிய பிரதி ஒன்றை எடுத்து அடியில் வைத்து, இரண்டு பிக்சல் மங்கலாக்குங்கள். இடுக்கில் எட்டிப் பார்ப்பது வெள்ளைக்குப் பதில் அதே நிறமாக இருக்கும்.

இங்க்ஸ்கேப் போன்ற வரைமென்பொருளில் வரைந்த வடிவமானால் ஒவ்வொன்றுக்கும் அதன் சொந்த நிறத்திலேயே 0.1 மில்லிமீற்றர் புறக்கோடு கொடுங்கள்.

ஓரத்து மென்மையாக்கத்தையே நிறுத்திவிடலாம் என்று சொல்வோர் உண்டு. மயிரிழை போகும்; சாய்கோடு முழுக்கப் படிக்கட்டாகும். ஒரு பிழையைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவது அது.

நேர் மடிப்பில் வேறு கோளாறு வரும்: கோடு வெளிராக இல்லாமல், மூட்டில் ஒரு நெடுவரிசை தடித்துத் தெரியும். பிரதியைத் திருப்பிப் பக்கத்தில் ஒட்டும்போது விளிம்பு பிக்சல் வரிசை இரண்டு தடவை வருகிறது. ஒரு பக்கத்தில் ஒரு பிக்சலை வெட்டிவிடுங்கள். 2000 பிக்சல் அகலத் துண்டை மடித்தால் விளைவு 4000 அல்ல, 3999 ஆக இருக்கவேண்டும்.

சில முக்கோணிகள் கூர்மையாகவும் சில சற்று மங்கலாகவும் தெரிந்தால் அதுவும் சுழற்சியின் வேலைதான். 90, 180 பாகைச் சுழற்சியும் கண்ணாடித் திருப்பலும் பிக்சலை இடம் மாற்றுமே தவிரக் கெடுக்காது. 60, 120 பாகையில் ஒவ்வொரு பிக்சலும் புதிதாகக் கணக்கிடப்படுகிறது. கொஞ்சம் கூர்மை கரையும். சுழற்றியதையே மறுபடி சுழற்றினால் கரைவது கூடும். எப்போதும் மூலத் துண்டிலிருந்தே ஒவ்வொரு கோணத்துக்கும் புதிதாகச் சுழற்றுங்கள். முழு வேலையையும் இறுதி அளவைப்போல் இரு மடங்கில் செய்து கடைசியில் பாதியாக்கினால் வேறுபாடு கண்ணுக்கு எட்டாமல் போகும். A3க்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் பிரிதிறனில் 3508 × 4961 பிக்சல். ஆகவே 7016 × 9922இல் வேலை. பழைய மடிக்கணினி திணறும்தான். சாய்கோடுகள் குறைந்த படமென்றால் ஒன்றரை மடங்கோடு நிறுத்தலாம்.

புகைப்படக் கலைஞர் அல்வின் லாங்டன் கோபர்ன் 1917இல் மூன்று கண்ணாடிகளை முக்கோணமாகக் கட்டி அருவப் புகைப்படம் எடுத்தார். உண்மைக் கண்ணாடிக்கு விளிம்பு உண்டு. அந்த விளிம்பு படத்தின் ஒரு பகுதி. கணினியில் வரும் மயிரிழைக்கு அந்த நியாயம் கிடையாது. மூட்டுத் தெரியவேண்டுமென்றால் இரண்டு மில்லிமீற்றர் பட்டையாகத் துணிந்து வையுங்கள்.

ஒரே கறை திரும்பத் திரும்ப. நடுவில் இருண்ட சிலுவை

சென்சரில் ஒட்டிய ஒரு தூசி தனிப் படத்தில் யாருக்கும் தெரியாது. எட்டாக மடித்தால் எட்டுத் தூசி சீரான வட்டத்தில் நிற்கும். கண் உடனே பிடிக்கும். மடிப்பதற்கு முன், மூலத் துண்டை 100 சதவீதத்தில் வைத்து மூலைக்கு மூலை துப்புரவு செய்யுங்கள். சென்சருக்கு ரப்பர் ஊதுகுழாய் மட்டும். வாயால் ஊதினால் குளிர்ந்த கண்ணாடியில் மூச்சின் ஈரம் படியும்.

இருண்ட சிலுவைக்கோ பூவுக்கோ காரணம் லென்ஸின் மூலை இருட்டு. நான்கு பிரதிகளின் இருண்ட மூலைகள் நடுவில் சந்திக்கின்றன. லென்ஸின் துவாரத்தை எஃப்/8இல் வைத்து எடுத்து, சட்டகத்தின் நடுப் பகுதியை மட்டும் பயன்படுத்தினால் பெரும்பாலும் போதும். முழுச் சட்டகமும் வேண்டுமென்றால், அதே லென்ஸ், அதே எஃப் எண், அதே குவியத்தில் வெறும் வெளிச்சத்தை ஒரு படமெடுத்து, அதைக் கொண்டு மூலப் படத்தைச் சமன்செய்ய வேண்டும். இதற்குச் சமமான வெளிச்சம் தேடி மற்ற ஊர்க்காரர்கள் அலைகிறார்கள். நமக்கு மூடுபனி இருக்கிறது: லென்ஸின் மேல் டிரேசிங் தாளை இறுக்கிப் பிடித்து வெள்ளை மூட்டத்தை நோக்கி ஒரு கிளிக்.

ஸ்டோருக்குள் எடுத்த படத்தில் கிடையாகக் கருமை, வெளிச்சப் பட்டைகள் வந்தால் அது மின்விளக்கின் துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். விளக்கு வினாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். எலெக்ட்ரானிக் ஷட்டரை நிறுத்தி, 1/50 அல்லது 1/100 வினாடியில் எடுங்கள்.

தகரக் கூரையில் இல்லாத அலைகள்

கூரை, மூங்கில் தட்டி, கம்பி வலை ஆகியவற்றின் மேல் பெரிய வளைந்த அலைகள் நீந்தினால் அது மோய்ரே: நெருங்கிய கோடுகளும் பிக்சல் கட்டங்களும் மோதிப் பிறக்கும் பொய்யலை. திரையில் மட்டும் வருகிறதா, உண்மையில் கோப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்: 100 சதவீதத்தில் மறைந்தால் திரையின் வேலை, விட்டுவிடுங்கள்.

கோப்பில் இருந்தால் பெரும்பாலும் சுருக்கியபோது பிறந்தது. கணக்கு இது. வழக்கமான நெளிதகரத்தில் ஒரு நெளியிலிருந்து அடுத்ததற்கு 76 மில்லிமீற்றர். 60 மீற்றர் நீள லயத்துக் கூரையில் ஏறக்குறைய 790 நெளிகள். 6000 பிக்சல் அகலப் படத்தில் நெளிக்கு 7.6 பிக்சல் கிடைக்கிறது, தெளிவாக வரும். அதையே 1000 பிக்சல் துண்டாகச் சுருக்கினால் நெளிக்கு 1.3 பிக்சல். ஒரு நெளிக்குக் குறைந்தது இரண்டு பிக்சல் இல்லாவிட்டால் கமராவும் கணினியும் இல்லாத அலையைக் கண்டுபிடித்துவிடும். நடைமுறையில் நான்குக்குக் கீழே போகாதீர்கள்.

ஆகவே சுருக்காமல் வெட்டுங்கள்: முழுக் கூரையைச் சிறிதாக்குவதற்குப் பதில் கூரையின் ஒரு பகுதியை முழு அளவில் எடுங்கள். சுருக்கியே ஆகவேண்டுமென்றால் முதலில் கௌசியன் மங்கல், பிறகு சுருக்கம், கடைசியில் கூர்மையாக்கல். ஆறு மடங்கு சுருக்கத்துக்கு இரண்டரை, மூன்று பிக்சல் மங்கல் வேண்டும். நெளிகள் மறைந்து சமநிறமாகும். அலையைவிட அது நல்லது. எடுக்கும்போதே மோய்ரே வந்திருந்தால் எஃப்/16இல் மறுபடி எடுங்கள். ஒளி விளிம்பில் சிதறிச் சிறிது மங்குவது இங்கே உதவும்.

மூடுபனிச் சாய்வில் படிக்கட்டு

வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு மெல்ல இறங்கவேண்டிய நிறம் பட்டை பட்டையாக இறங்குகிறது. 8 பிட் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகளே. மூடுபனிப் படம் அதில் 40, 50 படியை மட்டும் பயன்படுத்துகிறது. கான்ட்ராஸ்டை இழுத்ததும் அந்தப் படிகள் அகன்று விளிம்பு காட்டுகின்றன. ரோ கோப்பாக (கமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்து, 16 பிட்டில் திறந்து, கடைசி வரை 16 பிட்டிலேயே வையுங்கள். 8 பிட்டில் கெட்ட கோப்பை 16க்கு மாற்றினால் இழந்த படி திரும்பாது. அச்சுக்கு முன் ஒரு சதவீதம் நொய்ஸ் (மணல் போன்ற சிறு புள்ளிகள்) சேருங்கள். பட்டை விளிம்பு உடைந்து கரையும். கைபேசியில் எடுத்த ஜேபெக்கிலிருந்து மூடுபனிச் சாய்வு செய்வதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

கொழுந்துப் பச்சை செத்துப்போகிறது

திரையில் மின்னும் இளம் பச்சை, தாளில் பழைய பாசி போல் வருகிறது. திரை தானே ஒளி விடுவது. தாள் ஒளியைத் திருப்பி அனுப்புவது மட்டுமே. அந்தப் பச்சையின் ஒரு பகுதி எந்த மைக்கும் எட்டாது. எட்டாததைப் பிரிண்டரிடம் விட்டால் அது தன் விருப்பப்படி வெட்டும். கொழுந்தின் நான்கைந்து சாயலும் ஒரே தட்டையான நிறமாகும்.

தாள் நிறுவனத்தின் ஐசிசி ப்ரொபைலை (அந்தத் தாளில் எந்த நிறம் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பை) இறக்கி நிறுவி, சொஃப்ட் ப்ரூஃப் (அச்சு எப்படி வரும் என்று திரையில் காட்டும் முன்னோட்டம்) போட்டு, எல்லை மீறும் நிறங்களைக் காட்டச் சொல்லுங்கள். பச்சையின் செறிவை மட்டும் எல்லைக்குள் வரும்வரை குறையுங்கள். பிறகு அதன் பக்கத்து நிறத்தை மாற்றுங்கள், இதுதான் முக்கியம்: பச்சையை ஏற்ற முடியாவிட்டால் அருகிலுள்ள பட்டையைச் சற்று ஊதா கலந்த சாம்பலாக்கினால் பச்சை எழும்பும். அருவப் படத்தில் நிறத்தை மாற்ற உங்களுக்கு முழு உரிமை உண்டு. தேயிலை விளம்பரமா செய்கிறோம்? ரெண்டரிங் அமைப்பில் (எல்லை மீறும் நிறத்தை எப்படி உள்ளே கொண்டுவருவது என்ற தெரிவில்) தட்டையான நிறத்துண்டுகள் கொண்ட படத்துக்கு ரிலேட்டிவ் கலரிமெட்ரிக், பிளாக் பொயின்ட் திருத்தத்தோடு. சாய்வுகள் நிறைந்த படத்துக்குப் பெர்செப்சுவல்.

வெளியே ஸ்டூடியோவில் அச்சிடக் கொடுப்பதானால் எஸ்ஆர்ஜிபி என்ற பொது நிறவெளிக்கு மாற்றி, ப்ரொபைலைக் கோப்போடு பதித்துக் கொடுங்கள். அதைவிட அகன்ற அடோபி ஆர்ஜிபி நிறவெளிக் கோப்பை ப்ரொபைல் பார்க்காத இயந்திரத்தில் போட்டால் எல்லாம் சோகை பிடித்து வரும்.

முழுப் படமும் செந்நீலமாக அல்லது கறுப்பு சாம்பலாக

நொசில் செக் சரியாக இருந்தும் முழுப் படம் மஜந்தா பூசியது போலிருந்தால் நிறத்தை இருவர் திருத்துகிறார்கள்: மென்பொருளும் பிரிண்டரும். ஒன்றை நிறுத்துங்கள், பிரிண்டரில் ‘நிறத் திருத்தம் இல்லை’. கறுப்பு வெளிறினால் தாள் வகை தவறு. பளபளப்பில்லாத மட்டுத் (matte) தாளுக்கு மட்டுக் கறுப்பு மை, பளபளப்புத் தாளுக்குப் போட்டோக் கறுப்பு. முழுதும் இருண்டு வந்தால் திரைதான் அதிக வெளிச்சம். 6500 கெல்வின், காமா 2.2, சதுர மீற்றருக்கு 100 கண்டெலா அளவில் வையுங்கள்.

தாளின் ஓரத்தில் கறுப்புத் தீற்று

விளிம்பிலிருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்குள் மைத் தீற்றும் உராய்வும் இருந்தால் சுருண்ட தாளை ஹெட் உரசியிருக்கிறது. மலையில் அதிகம் தாளை வீணாக்குவது இதுதான். தாளின் ஒரு முகம் பூச்சு, மறுமுகம் வெறும் இழை. இரண்டும் ஈரத்தை ஒரே அளவில் குடிப்பதில்லை, ஆகவே தாள் சுருளும். தாளுக்கு 40 முதல் 60 சதவீத ஈரப்பதன் வேண்டும். மழைக்காலத்தில் நம் அறைகள் 80ஐத் தாண்டுவது வழக்கம். முதலில் ஓர் ஈரப்பதன்மானி வாங்கி பிரிண்டருக்குப் பக்கத்தில் வையுங்கள். அது 70க்கு மேல் காட்டும்போது தடித்த தாளை ஏற்ற வேண்டாம்.

அறையைச் சூடாக்கினால் ஈரப்பதன் இறங்கும்: 15 பாகையில் 90 சதவீதமாக உள்ள காற்று, 20 பாகைக்கு வந்தால் ஏறக்குறைய 65 சதவீதம். மின்சார ஹீட்டர் மட்டுமே. காஸ் ஹீட்டரும் மண்ணெண்ணெய் அடுப்பும் எரியும்போது நீராவியையும் விடும். சூடும் ஏறும், ஈரமும் ஏறும். விறகு அடுப்புப் புகை ஹெட்டுக்கும் ஆகாது. ஜன்னலை மூடி ஒரு மணி நேரம் ஓடவிட்டு, ஈரப்பதன்மானியின் ஊசி ஓரிடத்தில் அசையாமல் நின்றபின் தொடங்குங்கள்.

புதிய பொதியைப் பிரிக்காமல் ஒரு நாள் அந்த அறையில் வைத்திருந்து, தேவையான தாளை மட்டும் எடுத்து, பொலித்தீனை மறுபடி ஒட்டுங்கள். சுருண்ட தாளைப் பெரிய குழாயில் எதிர்ப்பக்கமாகச் சில நிமிடம் சுற்றித் தட்டையாக்கலாம்; மடிப்பு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிண்டரில் தாள் இடைவெளியை ‘அகலம்’ என்று மாற்றுங்கள். ஓரம் 25 மில்லிமீற்றருக்குக் குறையாமல் விட்டால் தீற்று விழுந்தாலும் வெட்டி எறியலாம்.

ஒரு இடத்தில் நிறம், வேறிடத்தில் வேறு நிறம்

சாம்பல் பட்டைகள் காலை ஜன்னலில் நீலமாகவும் இரவு எல்ஈடியில் பச்சையாகவும் தெரிந்தால் அச்சில் பிழையில்லை, விளக்கில்தான். நிறம் பார்க்க, நிறக்காட்டு எண் (விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு) 90க்கு மேலுள்ள 5000 கெல்வின் விளக்கு ஒன்றை மேசைக்கு மேல் மாட்டுங்கள். மூடுபனி நேரத்து ஜன்னல் வெளிச்சத்தை நம்பி நிறத்தைத் திருத்தாதீர்கள். அது நீலம் பாய்ந்தது, திருத்திய படம் மஞ்சளாகிவிடும்.

சில வாரத்தில் விளிம்பு ஊறுகிறது; சட்டத்தின் கண்ணாடி மங்குகிறது

கூர்மையாக இருந்த கறுப்புச் சதுரத்தின் விளிம்பிலிருந்து நிறம் பக்கத்து வெள்ளைக்குள் கசிந்தால் நீங்கள் பயன்படுத்தியது சாய மை. காற்றின் ஈரத்தில் சாயம் தாளுக்குள் நகரும். இதற்குத் திருத்தம் இல்லை. நிறம் கரையாத் துகளாக உள்ள பிக்மென்ட் மையில் மறுபடி அச்சிடுங்கள். மலையில் விற்பனைக்குப் போகும் படத்துக்குச் சாய மை வேண்டவே வேண்டாம்.

கண்ணாடியின் உட்புறத்தில் படத்தின் வடிவிலேயே பால் போன்ற படலம் படிந்தால் மை முழுதாக உலருமுன் சட்டம் போட்டிருக்கிறீர்கள். மையிலுள்ள கிளைகோல் வெகு மெல்ல ஆவியாகும். சட்டத்தைத் திறந்து கண்ணாடியைத் துடைத்து, படத்தின் மேல் சாதாரண வெள்ளைத் தாள் பரப்பி ஒரு நாள் வையுங்கள். வெள்ளைத் தாள் நெளிந்து ஈரம் குடித்திருந்தால் புதிய தாள் மாற்றி இன்னொரு நாள். உலர்ந்த காலத்தில் 24 மணி நேரம் போதும். ஜூன் மாதத்து ஹட்டனில் மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் கண்ணாடியைத் தொடாதபடி மவுண்ட் அட்டை வைப்பது கட்டாயம். சட்டத்தைக் கருங்கல் சுவரோடு ஒட்டி மாட்டாதீர்கள். பின்பக்க மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டினால் காற்று நுழையும், பூஞ்சணம் பிடிக்காது.

லென்ஸுக்கும் மிஞ்சிய தாளுக்கும் ஒரே வைத்தியம்: மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதன் 40 முதல் 50. நீல மணிகள் இளஞ்சிவப்பானதும் 120 பாகையில் இரண்டு மூன்று மணி நேரம் காய வைத்தால் மறுபடி வேலை செய்யும். நீல மணியில் கோபால்ட் உப்பு இருக்கிறது, நஞ்சு. சமையல் சட்டியில் காய வைக்காதீர்கள், அதற்கென்று ஒரு தட்டை ஒதுக்குங்கள். செம்மஞ்சளிலிருந்து பச்சையாகும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள்.